இடது கையைத் தைத்த குளிர்காலம்

நம் வயதுக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் முழங்காலைப் பற்றிப் பேசுகிறோம், அடுத்து தூக்கத்தைப் பற்றி. போன மாதம் ஊட்டி பஸ் நிலையத்தில், இலங்கையிலிருந்து என்னோடு ஒரே கப்பலில் வந்த சிநேகிதி ஒருத்தியைப் பார்த்தேன். அவளுக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. இரண்டு மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் தூங்க முடிவதில்லை என்று சொன்னேன்.

"நீ பீச்சாங்கைக்காரி இல்லையா? அவங்களுக்குத் தூக்கம் சரியா வராதாம். போன்ல வந்திச்சு" என்றாள், என் ஜாதகத்தையே படித்துவிட்டவள் போல.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இடது கைக்காரர்களுக்கெல்லாம் தூக்கம் எப்படி என்று எனக்குத் தெரியாது. என் தூக்கம் எப்போது போனது, யாரால் போனது என்று மட்டும் நன்றாகத் தெரியும். பஸ் புறப்பட்டுவிட்டதால் அவளிடம் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். நாங்கள் குன்னூருக்கு மேலே ஓர் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை, அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்குவது. அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. இலங்கையில் செய்த அதே வேலைகள்தான். மலை மட்டும் மாறியிருந்தது, குளிர் கூடியிருந்தது. வரிசையாக அறைகள் கட்டிய பெரிய லயத்தில் எங்களுக்கு ஒரே ஓர் அறை. இங்கே எல்லோரும் 'லைன் ஊடு' என்பார்கள். அப்பா கடைசி வரைக்கும் 'காம்பரா' என்றுதான் சொன்னார்.

எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. பிறந்ததிலிருந்து இடது கைப் பழக்கம். இலங்கைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளுக்கு ஒரே வாத்தியார். யார் எந்தக் கையால் எழுதுகிறோம் என்று பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. சோறு மட்டும் வலது கையால் தின்னப் பழக்கியிருந்தார்கள். மற்றதெல்லாம் இடது கைதான். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசிய ஞாபகம் எனக்கில்லை.

இங்கே பேசினார்கள். 'சிலோன்காரப் பிள்ளை' என்ற பெயரோடு 'பீச்சாங்கை' என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. எங்கள் டீச்சர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் இருந்திருக்காது. எங்கள் மேல் அவருக்கு அக்கறை அதிகம். ஊட்டியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில், கப்பலில் வந்த குடும்பத்துப் பெண் பிள்ளைகள் சிலருக்கு இலவசமாக இடம் கொடுக்கப் போகிறார்கள், ஹாஸ்டலிலேயே தங்கிப் படிக்கலாம், அதற்கு ஜனவரியில் ஒரு பரீட்சை என்று அவர்தான் கேள்விப்பட்டு வந்தார். மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் குடையோடு எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, உங்க பிள்ளைக்கு நல்ல மூளைங்க. பாஸ் பண்ணிருமுங்க. ஆனா பீச்சாங்கையில எழுதுதே, அதுதான் எனக்குப் பயமா இருக்குது. அங்கெல்லாம் ரொம்பக் கண்டிசனா இருப்பாங்க. இன்னும் மூணு மாசம் இருக்குது. ஊட்ல கொஞ்சம் பழக்குங்க" என்றார்.

அப்பா அவர் எதிரே உட்காரவே இல்லை. "பழக்கிறலாம் டீச்சரம்மா. நீங்க சொன்னா செய்யாம இருக்க ஏலுமா?" என்றார்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊட்டி, ஹாஸ்டல், பரீட்சை என்ற மூன்று சொல்லும் அன்று அவரைப் பிடித்துக்கொண்டன. மறுநாளே வெலிங்டன் பட்டாளத்துக்காரர்கள் கழித்துப் போட்ட கம்பளிச் சட்டை ஒன்றைச் சந்தையில் வாங்கி வந்தார். பாசி நிறம். என் முழங்கால் வரைக்கும் தொங்கியது. பூச்சி உருண்டை வாசமும், அதற்கடியில் யாரோ முன்பின் தெரியாத ஒருவருடைய சிகரெட் வாசமும் அடிக்கும். ஹாஸ்டலுக்குப் போகும்போது போட்டுக்கொள்ளத்தான் வாங்கினார். அதற்கு வேறு உபயோகம் வரும் என்று அப்போது அவருக்கே தெரியாது.

பகலில் பழகுவது கஷ்டமாக இருந்தாலும் முடிந்தது. வலது கையால் பத்துப் பத்துத் தடவை எழுதுவேன். எழுத்துக்கள் நொண்டி நொண்டி வரும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். இடது கை மேலே வந்தால் தட்டிவிடுவார். மண்ணெண்ணெய் விளக்கை அணைத்ததும் எனக்கு விடுதலை. நான் குப்புறப் படுப்பேன், இடது கையைத் தலைக்கு மேலே நீட்டிக்கொள்வேன், அடுத்த நிமிஷம் தூங்கிவிடுவேன். குழந்தையிலிருந்து அப்படித்தான் தூங்கியிருக்கிறேன்.

ஒருநாள் விடிகாலையில் அப்பா எழுந்து தீப்பெட்டி தேடியபோது என் கையைப் பார்த்துவிட்டார். தூக்கத்தில் என் இடது கை விரல் கம்பளி மேல் எழுதிக்கொண்டிருந்ததாம். சும்மா அசைந்ததோ என்னவோ. அப்பா 'எழுதியது' என்றுதான் சொன்னார்.

"பகல்ல நாம சொல்லிக் குடுக்கிறதையெல்லாம் ராத்திரி இந்தக் கை அழிச்சிப் போடுது" என்றார் அம்மாவிடம். குரலில் கோபமில்லை, பயம் இருந்தது. "இதை அடக்கினாத்தான் அது அடங்கும்."

அன்றிரவு அந்தக் கம்பளிச் சட்டையை எனக்குப் போட்டுவிட்டு, அம்மாவைக் கோணி ஊசி எடுக்கச் சொன்னார். இடது சட்டைக்கையின் நுனியை மடித்து மூடி, கையை உடம்போடு ஒட்டி வைத்து, இடுப்புப் பக்கத்தில் சணல் நூலால் தைத்தாள் அம்மா. காலையில் பிரித்துவிடுவாள். இரவில் மறுபடி தைப்பாள். மூன்று மாதம்.

குப்புறப் படுக்க முடியாது. இடது பக்கம் புரண்டால் கை நசுங்கும். வலது பக்கம் புரண்டால் தோள் இழுக்கும். மல்லாந்து படுத்தால் கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்து, பிறகு எறும்பு ஊர்வது போல் ஆகும். மூக்கு அரித்தால் இடது கைதான் முதலில் கிளம்பும். கிளம்பி, தையலில் இடித்துக்கொண்டு, என்னை எழுப்பிவிடும். இலங்கையிலிருந்து கொண்டுவந்த அலாரம் கடிகாரம் ஒன்று பெட்டி மேல் இருந்தது. முள் இரண்டும் இருட்டில் பச்சையாக ஒளிரும். அது மூன்றைக் காட்டி, நான்கைக் காட்டி, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அப்பா எழுந்திருக்கும் ஐந்தைக் காட்டும்வரை பார்த்திருக்கிறேன். அந்தக் கடிகாரம் எப்படித் தொலைந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. தொலைந்ததில் எனக்கு வருத்தமும் இல்லை.

சொல்லிப் பார்த்தேன். சொல்லாமல் இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"அப்பா, கையைத் தைச்சா எனக்குத் தூக்கம் வருதில்ல."

"கைக்கும் தூக்கத்துக்கும் என்னா புள்ள சம்பந்தம்? கண்ணை மூடினா தூக்கம் வரும். கண்ணையா தைச்சிருக்கு?"

அம்மாவிடம் கெஞ்சினேன். கொஞ்சம் தளர்வாகவாவது தை என்றேன். "அப்பா இழுத்துப் பார்ப்பாரு" என்று சொல்லி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கொழுந்து பறித்துக் கறுத்து வெடித்த விரல்கள். தேயிலை பறிக்க அவளுக்கு இரண்டு கையும் ஒரே மாதிரி ஓடும். பக்கத்து நிரைப் பெண்கள் பொறாமைப்படுவார்கள். அந்த இரண்டு கையாலும்தான் தைத்தாள். பல வருஷம் கழித்து, நான் வேலைக்குப் போய் ஊட்டிக் காந்தலில் குடியேறிய பிறகு, ஒருநாள் அவளிடம் கேட்டேன்: உனக்கு அப்போது பாவமாக இல்லையா? அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, "தைச்சேனா? நெசமாவா? எனக்கு ஞாபகம் இல்லியே" என்றாள். நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்திருந்தாள். என் வாழ்க்கையில் நான் கேட்டதிலேயே எரிச்சலான பதில் அதுதான்.

இரவில் வராத தூக்கம் பகலில் வந்தது. பதினொரு மணிக்கு வகுப்பில் வெயில் ஜன்னல் வழியாக என் பலகைக்கு வரும். வந்ததும் தலை தொங்கிவிடும். டீச்சர் முதலில் எழுந்து நிற்கச் சொன்னார். நின்றுகொண்டே தூங்கினேன். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வரச் சொன்னார். நீலகிரியில் டிசம்பர் மாதத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்கும் மசியவில்லை என்றதும் பிரம்பால் விரல் முட்டியில் அடித்தார்.

"ராத்திரி தூக்கமே இல்லைங்க டீச்சர். கையைத் தைச்சுடறாங்க" என்றேன்.

"கையையா? கதை சொல்லாத கண்ணு. எந்த ஊட்ல கையைத் தைப்பாங்க?" என்று சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். இன்னொரு தடவையும் சொன்னேன். அப்போது அவர் சிரிக்கக்கூட இல்லை.

தோட்டத்து டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, வயிற்றில் பூச்சி என்றார். பேதிக்குக் கொடுத்தார். இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தேன். பிறகு ரத்தம் இல்லை என்று இரும்பு டானிக் கொடுத்தார். துருப்பிடித்த ஆணியை நக்குவது போன்ற சுவை. பல் கறுத்ததுதான் மிச்சம். பக்கத்து அறைக்காரப் பெண், பிள்ளைக்குச் சிலோன் ஏக்கம் என்றாள். அப்பாவோ பரீட்சைப் பயம் என்றார். ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். தினம் இரவு ஊசியும் நூலும் எடுக்கிற வீட்டில் யாருக்கும் அந்த ஊசி கண்ணில் படவில்லை.

பரீட்சை நாள் வந்தது. முதல் நாள் இரவு, நாளைக்கு முக்கியமான நாள் என்று அப்பா இன்னொரு வரிசை தையல் போடச் சொன்னார். நான் ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை. விடிவதற்குள் கிளம்பினோம். உறைபனி விழுந்து புல் எல்லாம் வெள்ளையாக மொறுமொறுத்தது. பஸ் கேத்திப் பள்ளத்தாக்கைத் தாண்டும்போது, கோஸ் வயல்களில் பனி புகைந்து எழுவதைக் காட்டி, "பாத்தியா புள்ள, எவ்வளவு அழகு" என்றார் அப்பா. அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

பரீட்சை ஹால் தரை மரப்பலகை. மெழுகு வாசம் அடித்தது. சுவரோரம் கணப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். மூன்று மாதமாக என் உடம்பு அந்தச் சூட்டை அறிந்ததில்லை. முதலில் கணக்கு. வலது கையால் மெதுவாக, தடித்தடியாக எழுதினேன். நான்காவது கணக்குப் போட்டது ஞாபகம் இருக்கிறது. ஐந்தாவது ஞாபகம் இல்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். மேற்பார்வைக்கு இருந்த கன்னியாஸ்திரி. "எழுந்திரும்மா. இன்னும் இருபது நிமிஷந்தான் இருக்கு" என்றார் மெதுவாக. என் விடைத்தாளில் எச்சில் வழிந்து, நான்காவது கணக்கு மை கரைந்து கிடந்தது. கட்டுரை முழுதும் பாக்கி. 'நான் செய்த பயணம்' என்பது தலைப்பு. அழுகை வந்தது. அழக்கூட நேரமில்லை. பேனாவை இடது கைக்கு மாற்றினேன்.

அந்த இருபது நிமிஷத்தைப் போல ஓர் இருபது நிமிஷம் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை. கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னாருக்கு வந்தது, கப்பல் தட்டில் அம்மா வாந்தி எடுத்தது, மண்டபம் முகாமில் எங்கள் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டது, எல்லாவற்றையும் எழுதினேன். மூன்று பக்கம். கை ஓடியது. சாய்வாக, அழகாக, அச்சுப் போல. மணி அடித்தபோது கடைசி வரிக்குப் புள்ளி வைத்தேன்.

அப்பா கேட்டுக்கு வெளியே காகிதத்தில் சுற்றிய பேக்கரி வர்க்கியோடு நின்றார்.

"நல்லா எழுதினியா?"

"எழுதினேன்."

"எந்தக் கையால?"

"சோத்துக் கையால" என்றேன். வர்க்கியை வாங்கி ஒரு கடி கடித்தேன்.

ஹாஸ்டலிலும் வலது கைதான் வேண்டும் என்று அப்பா பரீட்சைக்குப் பிறகும் தையலை நிறுத்தவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தார். முகம் சரியில்லை. பட்டியலில் என் பெயர் இல்லை. கட்டுரை நன்றாக இருந்ததாம், ஆனால் ஒரே விடைத்தாளில் இரண்டு கையெழுத்து இருந்ததாம். வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று என்னைத் தள்ளிவிட்டார்களாம்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் உண்மையைச் சொன்னேன். தூங்கியதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஆணியில் அந்தக் கம்பளிச் சட்டை தொங்கியது. அன்று ஞாயிறு என்பதால் தையலை முழுதும் பிரிக்காமலே சட்டையை உருவி மாட்டியிருந்தாள் அம்மா. டீச்சரும் அதைத்தான் பார்த்தார். எழுந்து போய்ச் சட்டைக்கையைத் தொட்டார்.

"ஏனுங்க, நான் பழக்குங்கன்னுதானுங்க சொன்னேன். கையைத் தைக்கவா சொன்னேன்?"

"தூக்கத்துலயும் எழுதுச்சி டீச்சரம்மா" என்றார் அப்பா. அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்ததும் அவருக்கே அது சரியாகப் படவில்லை என்று நினைக்கிறேன்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "அப்ப ஏன் கண்ணு நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றார்.

இரண்டு தடவை சொன்னேன் என்று நான் சொல்லவில்லை. பெரியவர்கள் அழும்போது அப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் அவர் நல்லதாகச் சொன்னார்: பிள்ளையை நேரில் கூட்டிப் போய், அவர்கள் கண் முன்னால் இரண்டு கையாலும் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அப்பா மறுநாளே லீவு சொல்லிவிட்டு என்னை ஊட்டிக்குக் கூட்டிப் போனார்.

பெரிய மதர் ஊரில் இல்லை. ஆபீஸில் கண்ணாடி போட்ட ஒரு கிளார்க் இருந்தார். அப்பா கைகட்டி நின்று விஷயத்தைச் சொன்னார். "என் மகள் பொய்க்காரி இல்லீங்க ஐயா. ரெண்டும் அவ கைதான். எழுதச் சொல்லிப் பாருங்க" என்றார். நான் வலது கையால் என் பெயரை எழுதினேன். இடது கையால் எழுதினேன். கிளார்க் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "அட, ஆமாங்க" என்றார். "ஆனா எனக்கு அதிகாரம் இல்லைங்களே. மனு ஒண்ணு எழுதிக் குடுங்க, மதர் வந்ததும் வைக்கிறேன்." அப்பாவுக்கு எழுதத் தெரியாது என்றதும் அவரே எழுதினார். எழுதி முடித்து, "கையெழுத்தா, ரேகையா?" என்று கேட்டார்.

யாரும் சொல்லாமலே அப்பா இடது கையை நீட்டினார்.

கிளார்க் அவருடைய பெருவிரலை மைப்பெட்டியில் உருட்டி, தாளில் அமுக்கினார். இலங்கையில் எத்தனை ஆபீஸில், மண்டபத்தில் எத்தனை மேசையில், தோட்டத்தில் பேர் பதிந்த அன்று எத்தனை தாளில் அப்பா அந்த விரலை வைத்திருப்பார். நானும் கூடவே நின்றிருக்கிறேன். அது எந்தக் கை என்று அன்றுதான் பார்த்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். "ஏம்ப்பா இடது கையில வைக்கிறீங்க?"

"கவருமெண்டு அந்தக் கையைத்தான் கேக்குது."

"அப்ப அந்தக் கை நல்ல கைதானே?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மை ஒட்டிய விரலை வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டே வந்தார். குன்னூர் வரைக்கும் துடைத்தார்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. யாராவது படித்தார்களா என்பதுகூட எங்களுக்குத் தெரியவில்லை. நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே தினம் நடந்து போய்ப் பத்தாவது வரை படித்தேன். பிறகு பால்வாடியில் ஆயாவாக இருந்து டீச்சரானேன். குறை சொல்லும்படியான வாழ்க்கை இல்லை. ஆனால் அந்த மூன்று பக்கக் கட்டுரை எந்தக் குப்பையில் போனது என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஊட்டியிலிருந்து திரும்பிய அன்றிரவு அம்மா வழக்கம்போலக் கோணி ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நானும் வழக்கம்போலச் சட்டையைப் போட்டுக்கொண்டு இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக் காத்திருந்தேன்.

"வேணாம் விடு" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். விளக்கை அணைத்தார்.

நான் குப்புறப் படுத்தேன். கையைத் தலைக்கு மேலே நீட்டினேன். கம்பளி இளஞ்சூடாக இருந்தது, விரல்கள் மரக்கவில்லை, ஒன்றும் இழுக்கவில்லை. அம்மா சீக்கிரமே குறட்டை விட்டாள். எனக்குத் தூக்கம் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அறையின் அந்தக் கோடியில் அப்பா புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி புரண்டார். அவரும் விழித்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் விழித்திருப்பது அவருக்கும் தெரிந்திருக்கும். விடிந்து பெரட்டு மணி அடிக்கும்வரை இருவரும் அப்படியே கிடந்தோம்.